கடல் போட்டோ எல்லாம் சப்புன்னு வருது, என்டி ஃபில்டர் வாங்கினா சரியாகுமா?

ஈரமணல்:
வணக்கம் மக்களே, ஒரு டவுட்டு. என்கிட்ட இருக்கிறது ஏபிஎஸ்சி (கொஞ்சம் சின்ன சைஸ்) சென்சார் கேமரா, கூடவே வந்த 18-55 லென்ஸ், ஒரு பழைய 70-300, வெயிட் கம்மியான ஒரு ட்ரைபாட். லீவு கிடைச்சா விடியறதுக்கு முன்னாடியே கடற்கரைக்குப் போயிடுறது என் வழக்கம். நேர்ல பாக்கும்போது அவ்வளவு அழகா இருக்கு, வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டர்ல திறந்தா மேல பாதி வானம் கீழ பாதி தண்ணி நடுவுல ஒரு கோடு, அவ்வளவுதான். வானம் வெளுத்துப் போயிடுது, சரின்னு வானத்துக்கு எக்ஸ்போஷர் வச்சா கரை பூரா கருப்பாயிடுது. அலையும் உறைஞ்ச மாதிரியும் இல்லாம ஓடுற மாதிரியும் இல்லாம ரெண்டுங்கெட்டானா நிக்குது. யாரைக் கேட்டாலும் பத்து ஸ்டாப் என்டி ஃபில்டர் (வெளிச்சத்தைக் குறைக்க லென்ஸ் முன்னாடி மாட்டுற கறுப்புக் கண்ணாடி) வாங்கு, தண்ணி பால் மாதிரி வரும்னு ஒரே பாட்டு. வாங்கலாமா? அப்புறம் தண்ணிக்குக் கிட்ட கேமராவ வைக்கவே பயமா இருக்கு, உப்பு ஏறி வீணாப் போயிடும்னு வீட்ல வேற திட்டு.

மூணுகால்:
வாங்கலாம், ஆனா இப்ப வேணாம். ஏன்னு ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. நல்ல வெயில்ல ஐஎஸ்ஓ (சென்சாரோட வெளிச்ச உணர்வு) 100, லென்ஸ் துவாரம் எஃப் 11 வச்சா ஷட்டர் ஸ்பீடு 1/200 பக்கம் வரும். ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் பாதியாகும், நேரம் ரெண்டு மடங்காகும். அதுல ஆறு ஸ்டாப் ஃபில்டர் போட்டா கிட்டத்தட்ட 1/3 செகண்ட், பத்து ஸ்டாப் போட்டா அஞ்சு செகண்ட். நீங்க போறதோ விடியறதுக்கு முன்னாடி, அந்த வெளிச்சத்துல அதே எஃப் 11-ல ஃபில்டரே இல்லாம 1/4, அரை செகண்ட், சில சமயம் பல செகண்ட் கூட தானா வரும். அங்க போய் பத்து ஸ்டாப்ப மாட்டினா 1/4 செகண்ட் நாலு நிமிஷத்துக்கு மேல ஆயிடும், அதுக்குள்ள வானமே வேற கலருக்குப் போயிருக்கும்.

உங்க பிரச்சனை ஷட்டர் ஸ்பீடுதான், நீங்களே சொல்லிட்டீங்க ரெண்டுங்கெட்டான்னு. அநேகமா 1/30, 1/60 மாதிரி ஏதோ ஒண்ணுல விழுந்திருக்கும். அலை உடைஞ்சு துளி துளியா தெறிக்கிறது வேணும்னா 1/1000-க்கு மேல போங்க, ஐஎஸ்ஓ ஏறினா ஏறட்டும். ஓட்டம் தெரியணும்னா 1/4-லருந்து ஒரு செகண்ட் வரைக்கும். என்னைக் கேட்டா கடல் போட்டோவுக்கு இந்த அரை செகண்டுதான் சொத்து. அலை கரைக்கு ஏறி வர்றப்ப அமுக்காதீங்க, ஏறி முடிஞ்சு ஒரு நொடி தயங்கும் பாருங்க, அங்கருந்து திரும்பி ஓட ஆரம்பிக்கிற நேரத்துல அமுக்குங்க. நுரை எல்லாம் கோடு கோடா கடலைப் பாத்து இழுபட்டு வரும், ஒரு கல்லு இருந்தா அதைச் சுத்திக்கிட்டுப் போகும், பாக்குறவன் கண்ணையும் அப்படியே உள்ள கூட்டிட்டுப் போயிடும். இதையே முப்பது செகண்ட் வச்சா அந்தக் கோடெல்லாம் அழிஞ்சு வெறும் புகைமூட்டம்தான் மிஞ்சும். அதுவும் ஒரு அழகுதான், இல்லன்னு சொல்லல, ஆனா அதுல கடலோட குணம் ஒண்ணும் தெரியாது.

இன்னொண்ணு, லென்ஸ 18-ல (அகலமா தெரியுற வைடு பக்கம்) வச்சு நின்ன உயரத்துல எடுத்தா எந்த அலையும் சின்னதாத்தான் தெரியும். ட்ரைபாட முழங்கால் உயரத்துக்கு இறக்கி, முன்னாடி ஒரு கல்லோ பாசியோ மணல்ல தண்ணி போட்ட வரியோ ஏதாவது ஒண்ணு வச்சு எடுத்துப் பாருங்க. ஃபோகஸுக்கு ரொம்ப யோசிக்காதீங்க, ஃப்ரேம்ல கிட்ட இருக்கிற பொருள் ஒரு மீட்டர் தூரத்துல இருந்தா ரெண்டு மீட்டர்ல ஃபோகஸ் வைங்க, அதாவது டபுள் தூரம், எஃப் 11-ல பெரும்பாலும் ரெண்டு பக்கமும் சமாளிச்சுடும். எஃப் 22 எல்லாம் போகாதீங்க, துவாரம் ரொம்பச் சின்னதாகி வெளிச்சம் சிதறும் (டிஃப்ராக்ஷன்), அதுல மொத்தமும் மழுங்கும், போதாக்குறைக்கு சென்சார்ல ஒட்டியிருக்கிற தூசு பூரா வானத்துல புள்ளி புள்ளியா வந்து நிக்கும்.

ஜூம்பாண்டி:
எல்லாரும் வைடு வைடுன்னே சொல்லுவாங்க, நான் வேற கட்சி. அந்த 70-300 எதுக்கு பைக்குள்ள தூங்குது? 200-ல வச்சு உடையற அலையை மட்டும் பிடிங்க, பின்னாடி வர்ற அலை வரிசை எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி வச்ச மாதிரி நெருங்கி வரும், வானமே ஃப்ரேம்ல தேவையில்ல, அப்ப வெளுத்துப் போறதுக்கும் வானம் இருக்காது. காத்து கரையிலருந்து கடலைப் பாத்து அடிக்கிற நாள் இதுக்கு லட்டு மாதிரி, அலையோட உச்சியில இருந்து சாரல் பின்னாடி பறக்கும், சூரியன் அலைக்குப் பின்னால தாழ இருந்தா தண்ணி உடையறதுக்கு முன்னாடி ஒரு கணம் பச்சைக் கண்ணாடியா தெரியும். முக்கியமா தண்ணியில நிக்க வேணாம், தூரத்துல காஞ்ச இடத்துல நின்னே எடுக்கலாம், வீட்ல திட்டும் மிச்சம்.

உப்புக்காத்து:
கேமரா பேச்சு நிறைய வந்துடுச்சு, கடலைப் பத்தி யாரும் பேசலியே. ஈரமணல் தம்பி, டைடு டேபிள் (கடல் எப்ப ஏறும், எப்ப வத்தும்னு சொல்ற அட்டவணை) பாத்துட்டுத்தான் போறீங்களா? பாக்கலன்னா இனிமே அதுதான் முதல் வேலை. ஒரே கரை, ஹை டைடுல (தண்ணி ஏறி நிக்கிறப்ப) வெறும் தண்ணியும் மணலும்தான் இருக்கும், லோ டைடுல (வத்தினப்ப) பாத்தா பாறை, குட்டை, பாசி, வழவழன்னு ஈர மணல்னு வேற ஊரு மாதிரி கிடக்கும். பெரும்பாலான கரைகள்ல ரெண்டு ஹை டைடுக்கு நடுவுல சுமார் 12 மணி 25 நிமிஷம், அதனால ஒவ்வொரு நாளும் கிட்டத்தட்ட 50 நிமிஷம் தள்ளிப் போகும். இன்னிக்கு விடியற்காலை லோ டைடுன்னா அடுத்த வாரம் அதே நேரத்துக்கு ஹை டைடு பக்கமா இருக்கும், ரெண்டு வாரம் கழிச்சு மறுபடியும் லோ. போன வாரம் பாத்த பாறை எங்கடா காணோம்னு முழிக்கிறவங்க பாதிப்பேர் இதுலதான் மாட்டுறாங்க. அமாவாசை பௌர்ணமியை ஒட்டி ஏத்தமும் வத்தமும் ரெண்டுமே அதிகமா இருக்கும், அப்பத்தான் மத்த நாள்ல வெளிய தெரியாத பாறை எல்லாம் தலை காட்டும். ஒரு இடத்துல அந்தப் பெரிய வத்தம் எப்பவும் கிட்டத்தட்ட ஒரே மணி நேரத்துலதான் வரும், உங்க கரையில அது மத்தியானம்னா மத்தியானம்தான், விடியலோட அது சேரும்னு காத்திருந்து புண்ணியமில்ல. சில கரைகள்ல நாளைக்கு ஒரே ஒரு டைடுதான், சில இடத்துல வித்தியாசமே பெருசா தெரியாது, உங்க இடத்து டேபிள பாத்துக்கோங்க.

ஈர மணல்ல வானம் தெரியுற ஷாட்டுக்கு ஒரு வழி. அலை இறங்கினதும் மணல் மேல மெல்லிசா ஒரு தண்ணிப் படலம் நிக்கும், சில செகண்டுதான், உடனே மணல் அதைக் குடிச்சுட்டு மங்கிடும். அந்த இடைவெளிக்கு ஃப்ரேம முன்னாடியே ரெடி பண்ணி வச்சுட்டு நிக்கணும். அந்தப் பக்கம் நடந்து போய் காலடித் தடத்தைப் பதிச்சு வைக்காதீங்க, சுத்தி வந்து பக்கவாட்டுல நில்லுங்க.

பயம் நல்லதுதான், விட்டுடாதீங்க, ஆனா உப்பை விட அலைக்குப் பயப்படுங்க. பைய இறக்குறதுக்கு முன்னாடி கால் மணி நேரம் சும்மா நின்னு பாருங்க. அலை எல்லாம் ஒரே சைஸுல வராது, சின்னதா வந்துட்டே இருக்கும், திடீர்னு பெருசா ரெண்டு மூணு சேர்ந்து வரும். பாறையில எது வரைக்கும் ஈரமா கறுத்துப் போயிருக்கோ அது வரைக்கும் தண்ணி வருதுன்னு அர்த்தம். கடலுக்கு முதுகைக் காட்டிட்டு ஸ்க்ரீன குனிஞ்சு பாக்குற பழக்கம் வேணவே வேணாம். தண்ணி ஏறுற நேரத்துல பாறைக்கு அந்தப் பக்கம் போயிட்டா திரும்பி வர்ற வழி மூடிக்கும், ஒரு ஆளை கூடக் கூட்டிட்டுப் போங்க.

கேமராவுக்குன்னா, லென்ஸ கரையில மாத்தாதீங்க. முன் கண்ணாடியில சாரல் பட்டா காஞ்ச துணியால நேரா தேய்க்கக் கூடாது, உப்புக்கல்லு கீறிடும், முதல்ல ப்ளோயரால ஊதி, நல்ல தண்ணியில லேசா நனைச்ச துணியால ஒத்தி, அப்புறம் காஞ்ச மைக்ரோஃபைபர். சூரியனைப் பாத்து எடுக்கிறப்ப ஒரு துளி இருந்தாலும் படத்துல பெரிய வெள்ளைத் திட்டா வரும், ஷாட்டுக்கு ஷாட் பாத்துக்கோங்க. வீட்டுக்கு வந்து ட்ரைபாட காலெல்லாம் முழுசா நீட்டி நல்ல தண்ணியில கழுவி, நீட்டின மேனிக்கே காய விடுங்க. கேமராவ குழாய்க்கடியில காட்ட வேணாம், பிழிஞ்ச ஈரத்துணி போதும். வெதர் சீலிங்குன்னு போட்டிருந்தா தைரியமா நனைக்கலாம்னு நினைக்காதீங்க, அது மழைத் தூறலுக்குத்தான் லாயக்கு. ஏசி ரூம்லருந்து நேரா எடுத்துட்டுப் போனா லென்ஸ் மூடுபனி போட்டுக்கும், பையை மூடின மேனிக்கே அரை மணி நேரம் வெளிய வச்சுட்டு அப்புறம் திறங்க.

ஈரமணல்:
எல்லாருக்கும் நன்றி, டைடு விஷயம் சத்தியமா தெரியாது, இப்பதான் டவுன்லோட் பண்ணிட்டு இருக்கேன். வானம் வெளுக்குறதுக்கு மட்டும் யாரும் பதில் சொல்லல. போலரைசர்னு பளபளப்பைக் குறைக்கிற ஃபில்டர் போட்டா வானம் கருநீலமா வரும்கிறாங்களே? அப்புறம் ட்ரைபாட்ல வச்சு எடுத்தும் ஆட்டம் வருது, அது ஏன்?

மூணுகால்:
போலரைசர் சூரியனுக்கு 90 டிகிரி பக்கவாட்டுலதான் நல்லா வேலை செய்யும், சூரிய உதயத்தைப் பாத்து நின்னா வானத்துக்கு அதால பிரயோஜனம் இல்ல. 18-ல பக்கவாட்டா போட்டா வானத்துல ஒரு பக்கம் கறுத்து ஒரு பக்கம் வெளுத்து திட்டு திட்டா வரும். ஆனா ஈரப் பாறை மேல இருக்கிற பளபளப்ப எடுத்து அடியில இருக்கிற நிறத்தைக் காட்டும், குட்டைக்குள்ள இருக்கிற கல்லு தெரியும், அதுக்கு அதை விட்டா வேற வழி கிடையாது, எடிட்டிங்ல வராது. ஒண்ணரை ரெண்டு ஸ்டாப் வெளிச்சத்தையும் தின்னும், அது உங்களுக்கு லாபம்.

வானத்துக்கு ரா ஃபைல்ல (கேமரா சுருக்காத முழு ஃபைல்) எடுத்து, ஹிஸ்டோகிராம் (ஸ்க்ரீன்ல வர்ற வெளிச்ச வரைபடம்) வலது ஓரத்துல முட்டாம எக்ஸ்போஷர குறைச்சு வைங்க, நிழல வீட்ல தூக்கிக்கலாம். அதுவும் பத்தலன்னா வானத்துக்கு ஒண்ணு, கரைக்கு ஒண்ணு எடுத்து சேர்த்துக்கோங்க. சிலர் இதை ஏமாத்து வேலைன்னு சொல்லுவாங்க, அவங்ககிட்ட குஸ்தாவ் லெ கிரே பேரைச் சொல்லுங்க. 1850-கள்ல அந்தப் ஃபிரெஞ்சுக்காரர் கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ்னு தனித்தனியா எடுத்து ஒரே பிரிண்ட்டா போட்டவர், அந்தக் காலத்துத் தட்டுக்கு நீல வெளிச்சம் மட்டும் அதிகமா ஏறும், கடலுக்கு வச்சா வானம் வெள்ளைத்தாளா போயிடும். உங்க பிரச்சனை அவ்வளவு பழசு!

ஆட்டத்துக்குக் காரணம் மணல்தான். தண்ணி வந்து போறப்ப ட்ரைபாட் காலுக்கடியில இருக்கிற மணல அரிச்சுட்டுப் போகும், ஷட்டர் திறந்திருக்கிறப்பவே கேமரா மெதுவா இறங்கும். முதல்லயே அழுத்தி நல்லா உள்ள இறக்குங்க, ஒரு அலை வந்து சுத்திப் போகட்டும், மறுபடி அழுத்துங்க, அப்புறம் எடுங்க. நடு கம்பத்தை ஏத்தாதீங்க. ஸ்டெபிலைசேஷன (கை ஆட்டத்தைச் சரி பண்ற வசதி) ஆஃப் பண்ணிட்டு ரெண்டு செகண்ட் டைமர்ல எடுங்க. அப்படியே ஹொரைசான் கோடு சாயாம லெவல பாத்துக்கோங்க. பாறையோட உச்சி அந்தக் கோட்டைத் தொட்டும் தொடாம நின்னா கேமராவ ஒரு சாண் ஏத்துங்க, நடுவுல கொஞ்சம் தண்ணி தெரிஞ்சாத்தான் பாறை தனியா நிக்கும்.

நிதானம்:
பத்து ஸ்டாப்ப இப்படி ஆளாளுக்கு திட்டுறதைப் பாத்தா பாவமா இருக்கு. எனக்கு லீவு நாள்ல மத்தியானம்தான் நேரம் கிடைக்குது, மேகம் போட்ட நாள்ல அலைதடுப்புச் சுவரு, பழைய மரத்தூண் வரிசை இதெல்லாம் ரெண்டு நிமிஷ எக்ஸ்போஷர்ல எடுத்தா அதுல இருக்கிற சலசலப்பு எல்லாம் போய் அந்த வடிவம் மட்டும் நிக்கும், அரை செகண்டுல அது வரவே வராது. எடுக்கிறவங்க ஃபில்டர் போடுறதுக்கு முன்னாடியே ஃபோகஸ் பண்ணி மேனுவலுக்கு மாத்திடுங்க, போட்டதுக்கப்புறம் கேமராவுக்கு ஒண்ணும் தெரியாது. கண்ணாடி வச்ச டிஎஸ்எல்ஆர்னா வியூஃபைண்டர மூடுங்க, பின்னாடியிருந்து வெளிச்சம் உள்ள போய் படத்துல கறை விழும். முப்பது செகண்டுக்கு மேலன்னா பல்ப் மோடும் (அமுக்குற வரைக்கும் ஷட்டர் திறந்தே இருக்கும்) கேபிள் ரிலீஸும் (கேமராவத் தொடாம அமுக்குற வயர் பட்டன்) வேணும்.

ஈரமணல்:
சரி, அப்ப ஒண்ணே ஒண்ணு வாங்கறதா இருந்தா எது?

மூணுகால்:
ஆறு ஸ்டாப். சூரியன் வந்ததுக்கப்புறமும் அந்த அரை செகண்ட் பக்கம் நிக்கலாம். நிதானம் சொல்ற மாதிரி மத்தியானத்துல போற ஆளா மாறினீங்கன்னா அப்ப பத்து வாங்கிக்கோங்க. வாங்கறப்ப உங்ககிட்ட இருக்கிறதுலயே பெரிய லென்ஸோட விட்டத்துக்கு வாங்குங்க, லென்ஸ் மூடிக்குப் பின்னாடியே எம்எம் எழுதியிருக்கும், சின்ன லென்ஸுக்கு ஸ்டெப்-அப் ரிங் (பெரிய ஃபில்டர சின்ன லென்ஸ்ல மாட்டுற வளையம்) போட்டுக்கலாம். அது போட்டா அந்த லென்ஸோட ஹுட் (வெயில் மறைப்பு) பெரும்பாலும் மாட்ட முடியாது, வெயில் பக்கவாட்டுல அடிச்சா கையாலயோ தொப்பியாலயோதான் மறைச்சுக்கணும்.