புல்லட் 350: மிக்கார்ப் ஜெட் ஏறவில்லை, ஸ்லோவும் நிற்கவில்லை

மணி350:
பழைய புல்லட் ஒன்று வாங்கினேன். சூடானதும் ஸ்லோ (ஆக்ஸிலேட்டர் கொடுக்காத மெதுவான ஓட்டம்) நிற்பதில்லை. ஆக்ஸிலேட்டரை விட்டால் சைலன்சரில் பட் பட்டென்று வெடிக்கிறது. பிளக் வெள்ளை வெளேர். கார்புரேட்டர் மிக்கார்ப் கம்பெனி என்று சொல்லித்தான் விற்றார்கள். அதற்கான மெயின் ஜெட் (பெட்ரோல் பாயும் துளையுள்ள சின்ன திருகு) வாங்கினேன், மரையே சேரவில்லை. பெட்ரோல் நிற்கும் மிதவைக் கிண்ணம் பக்கவாட்டில், வட்ட மூடியோடு இருக்கிறது. கார்புரேட்டர் உடம்பில் 376/ என்று தொடங்கும் எண். ஏர் ஸ்க்ரூவை இரண்டு சுற்று வெளியே எடுத்துப் பார்த்தேன், இன்னும் மோசம்.

பழைய ஸ்பேனர்:
தம்பி, அது ஆமல் கம்பெனியின் மோனோபிளாக் கார்புரேட்டர். மிக்கார்பில் கிண்ணம் அடியில் தொங்கும். ஆமலிலேயே 1967-ல் வந்த கான்சென்ட்ரிக் மாடலிலும் அப்படித்தான். 376 என்பது அளவு வரிசை. கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் எண்தான் எந்த வண்டிக்கு செட் செய்தது என்று சொல்லும், அதைத் துடைத்துப் பாருங்கள். ஆமல் மெயின் ஜெட்டின் எண், நிமிடத்துக்கு எத்தனை சி.சி. பாயும் என்ற கணக்கு. மிக்கார்ப் எண்ணை அதோடு ஒப்பிட்டு வாங்காதீர்கள். பழைய ஜெட்டையே கடைக்குக் கொண்டுபோங்கள்.

அப்புறம், அந்த ஸ்க்ரூ விடுவது காற்றை, பெட்ரோலை அல்ல. பிளக் வெள்ளையாக இருப்பதே பெட்ரோல் குறைந்த, மெலிந்த கலவையின் அடையாளம். வெளியே எடுத்தால் கலவை இன்னும் மெலியும். உள்ளே திருப்புங்கள்.

ஈரோடு வண்டி:
ஜெட்டைத் தொடும் முன் பிளேஞ்சை, அதாவது கார்புரேட்டர் எஞ்சினோடு சேரும் தட்டை முகத்தைப் பாருங்கள் ப்ரோ. இரண்டு நட்டையும் வலுவாக முறுக்கி முறுக்கி, நட்டு மாட்டும் காது இரண்டும் எஞ்சின் பக்கம் வளைந்திருக்கும். நடுவில் காற்று புகும். ஸ்லோவில் ஓடும்போது இணைப்பில் சொட்டு எண்ணெய் விடுங்கள். ஓட்டம் மாறினால் லீக் அங்கேதான். சிலர் அதில் பெட்ரோல் அடிப்பார்கள், சூடான எஞ்சினில் அந்த வேலை வேண்டவே வேண்டாம்.

மணி350:
எண்ணெய் விட்டதும் சட்டென்று சீரானது! கழற்றிக் கண்ணாடி மேல் வைத்தேன், ஆடுகிறது.

பழைய ஸ்பேனர்:
கண்ணாடி மேல் எமரி ஷீட் விரித்து, எட்டு போடுவதுபோல் தேயுங்கள். அளவோடு நிறுத்துங்கள், அதிகம் தேய்த்தால் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) உட்காரும் பள்ளம் ஆழம் குறைந்துவிடும். ஓ-ரிங்கும் புதிதாகப் போடுங்கள். நட்டை இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள்.

மணி350:
முடித்தேன் அண்ணா. ஸ்லோ நிற்கிறது. வெடிச்சத்தம் எப்போதாவதுதான். ஆனால் பாதி ஆக்ஸிலேட்டரில் இன்னும் இழுவை இல்லை. சைலன்சர் முன்பு வண்டி வைத்திருந்தவர் போட்டது, உள்ளே தடுப்பு ஒன்றுமே இல்லை.

ஈரோடு வண்டி:
பாதி ஆக்ஸிலேட்டர் என்பது கார்புரேட்டருக்குள் ஏறி இறங்கும் ஊசியின் எல்லை. ஊசியின் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்குங்கள், ஊசி உயரும், பெட்ரோல் கூடும். மெயின் ஜெட் முழு ஆக்ஸிலேட்டருக்குத்தான், அதை அப்புறம் பார்க்கலாம்.