இரவில் வரும் பெண்ணை மேல்மருத்துவமனைக்கு அனுப்பாமலே பரிசோதிக்கக் காணொளி உதவுமா?

கடலோரத் தன்னார்வலர்:

வணக்கம். இராமநாதபுரம் மாவட்டக் கடலோர ஊர்களில் சட்ட உதவித் தன்னார்வலராக இருக்கிறேன். பாலியல் வன்முறைக்கு ஆளான ஒரு பெண்ணுடன் ஓர் இரவில் அரசு மருத்துவமனைக்குச் சென்றிருந்தேன். பணியில் இருந்த இளம் மருத்துவர் கடுமையாக ஒன்றும் பேசவில்லை. ஆனால், தாம் தவறாக எழுதிவிட்டால் வழக்கே கெட்டுவிடும் என்று அஞ்சி, ஏ.ஆர். எனப்படும் விபத்துப் பதிவேட்டில் மட்டும் பதிவு போட்டு மேல்மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டார். அங்கே பரிசோதனை தொடங்கியபோது மறுநாள் நண்பகல் ஆகியிருந்தது. தண்ணீர் குடிக்கலாமா, கழிவறைக்குப் போகலாமா என்று அந்தப் பெண் வழியெல்லாம் என்னிடம் கேட்டுக்கொண்டே வந்தார். எனக்கு விடை தெரியவில்லை. அந்த இளம் மருத்துவருக்கு ஒரு தடயவியல் மருத்துவர் காணொளி வழியாகத் துணைநின்றிருந்தால் இந்த அலைச்சலைத் தவிர்த்திருக்க முடியுமா? அப்படிச் செய்ய சட்டம் இடம் தருமா?

தடயவியல் மருத்துவர்:

அம்மா, முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். அந்த மருத்துவர் அனுப்பியது பயத்தால்தான், சட்டத்தால் அல்ல. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 164ஏ பிரிவும், 2024 ஜூலை முதல் அதன் இடத்துக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 184ஆம் பிரிவும், அரசு மருத்துவமனையில் பணியாற்றும் பதிவு பெற்ற மருத்துவர் எவரும் அந்தப் பெண்ணின் சம்மதத்தோடு பரிசோதிக்கலாம் என்றே கூறுகின்றன. மகப்பேறு நிபுணரோ தடயவியல் நிபுணரோதான் பார்க்க வேண்டும் என்று எங்கும் இல்லை. எனவே காணொளி தீர்க்க வேண்டியது அந்தப் பயத்தை. திரையில் இருப்பவர் பேச வேண்டியதும் பெரும்பாலும் மருத்துவரிடம்தான். அந்தப் பெண்ணிடம் பேசவும் அவரைத் தொடவும் அருகில் ஒரு மனிதர் இருந்தே ஆக வேண்டும்.

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் சேஃப்-டி அமைப்பு இதைத்தான் செய்கிறது. சிறிய மருத்துவமனையின் செவிலியர் பரிசோதிக்கும்போது, பயிற்சி பெற்ற தடயவியல் செவிலியர் நேரலையில் உடனிருந்து வழிகாட்டுகிறார். இங்கே 2022 முதல் இராமநாதபுரத்திலேயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இராமேசுவரத்திலிருந்து அதற்கு ஏறத்தாழ 55 கிலோமீட்டர். பகலில் அது பெரிய தொலைவன்று. நள்ளிரவில், உடுத்திய துணியோடு, பக்கத்தில் காவலர் அமர்ந்திருக்கப் போகும்போது அது வேறு தொலைவு.

நேரமும் நமக்காகக் காத்திருப்பதில்லை. மத்திய சுகாதார அமைச்சகத்தின் 2014ஆம் ஆண்டு வழிகாட்டுதல், உடல் தடயங்களை 96 மணி நேரம் வரை சேகரிக்கச் சொன்னாலும், 72 மணி நேரத்துக்குப் பின் அவை கிடைக்கும் வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடும். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரைகளையும் 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். சிகிச்சைக்கு எந்தக் காணொளியும் தேவையில்லை. வந்தவுடன் தொடங்கிவிட வேண்டும்.

முதுநிலைச் செவிலியர்:

நீங்கள் விடை தெரியாமல் தவித்த கேள்விக்கு முதலில் வருகிறேன், சகோதரி. வாயிலிருந்து பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்த உடனே தண்ணீர் தரலாம். மாதிரி எடுக்கும் முன் கழிவறைக்குப் போயே ஆக வேண்டுமென்றால், கழுவாமல் துடைக்கச் சொல்லி, துடைத்த பஞ்சைக் காகித உறையில் எடுத்து வைத்தால் போதும். அடக்கிக்கொண்டு உட்காரச் சொல்வது கொடுமை.

எங்கள் கடற்கரையில் தடயம் கெடுவது பெரும்பாலும் ஈரத்தால்தான். ஐப்பசி மழையில் துவைத்த துணியே இரண்டு நாள் காயாத ஊர் இது. பஞ்சுக்குச்சி நன்றாக உலரும் முன் உறையிலிட்டு அரக்கு வைத்துவிட்டால் பூஞ்சை பிடித்துவிடும். பாலித்தீன் பையில் போட்டால் கேட்கவே வேண்டாம். வெயிலிலும் வைக்கக் கூடாது, நிழலில்தான் உலர்த்த வேண்டும். ஆடையைக் களையும்போது வெள்ளைத்தாளை விரித்து அதன்மேல் நிற்கச் சொல்லி, உதிர்ந்த மணல், முடி ஆகியவற்றோடு அந்தத் தாளையும் மடித்து உறையிலிட வேண்டும். முதல்முறை செய்பவர் மறந்துவிடும் இத்தகைய சிறு செயல்களை, திரையில் இருக்கும் ஒருவர் ‘தாள் விரித்துவிட்டீர்களா?’ என்ற ஒரே கேள்வியில் நினைவூட்டிவிடலாம்.

வழக்கறிஞர்:

காணொளிக்கு நானும் ஆதரவுதான், சில நிபந்தனைகளோடு. கையொப்பமிட்டு, பின்னாளில் சாட்சிக் கூண்டில் ஏறுபவர் அருகிலிருந்து பரிசோதித்த மருத்துவர்தான். திரையில் உடனிருந்தவர் யார் என்பதையும் குறிப்பேட்டில் எழுதிவிட வேண்டும். எழுதாமல் மறைத்தால், குறுக்கு விசாரணையில் அதுவே எதிர்த்தரப்பின் ஆயுதமாகிவிடும். பரிசோதனைக்கு ஒரு சம்மதம், தடயம் எடுக்க ஒரு சம்மதம் என்று கேட்பதுபோல், திரைக்கும் தனியாகச் சம்மதம் கேட்க வேண்டும். அந்தப் பெண் மறுத்தால் திரையை அணைத்துவிட்டுப் பணியைத் தொடரலாம்.

நேரலையைப் பதிவு செய்யவே கூடாது. வாட்ஸ்அப்பில் காயத்தைப் படமெடுத்து அனுப்பி ‘என்ன எழுதலாம், சார்?’ என்று கேட்கும் வழக்கம் அதைவிட ஆபத்தானது. அது யார் கைக்குப் போய்ச் சேரும் என்று யாராலும் சொல்ல முடியாது. குழந்தைகள் வழக்கில் கூடுதல் கவனம் தேவை. போக்சோ சட்டத்தின் 27ஆம் பிரிவு, சிறுமியைப் பெண் மருத்துவரே பரிசோதிக்க வேண்டும் என்கிறது. ஆண் மருத்துவர் பரிசோதிக்கத் திரையில் ஒரு பெண் மருத்துவர் இருந்தால் அந்தத் தேவை நிறைவேறிவிடும் என்று நான் வாதிடத் துணியமாட்டேன்.

பெண்ணுறுப்பில் விரல் நுழைத்துப் பார்க்கும் இரு விரல் பரிசோதனையைச் செய்பவர் தவறான நடத்தை புரிந்தவராவார் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகும், பழைய அச்சுப் படிவங்களில் அதற்கான கட்டம் கண்ணில் பட்டால், திரையில் இருப்பவர் உடனே தடுக்கலாம். எனக்கு இந்தப் பயன் மிகவும் பெரிதாகத் தெரிகிறது.

கடலோரத் தன்னார்வலர்:

அனைவருக்கும் நன்றி. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இதை எழுத்தாகக் கொடுக்கவிருக்கிறேன். கருவியும் இணைப்பும் வந்துசேரும் வரை, இரவுப் பணி மருத்துவர் அழைத்துப் பேசத் தடயவியல் துறையின் தொலைபேசி எண் ஒன்றை ஒவ்வொரு அவசரப் பிரிவிலும் ஒட்டி வைக்க வேண்டும் என்பதையே முதல் கோரிக்கையாக வைக்கிறேன்.