டைனா 10 அடி லாரி: காலையில் வெள்ளைப் புகை, ‘டக் டக்’ சத்தம். இன்ஜெக்டர்தானா?

தோபாயோ_லாரி
டொயோட்டா டைனா, 3.0 டீசல், 11 வருஷ வண்டி. காலையில் ஸ்டார்ட் பண்ணதும் கண்ணெரியும் வெள்ளைப் புகை, ரெண்டு நிமிஷம் உதறல், ‘டக் டக்’ சத்தம். சூடானா சரியாயிடுது. வொர்க்‌ஷாப்புல சிலிண்டருக்குள்ள டீசலைத் தெளிக்கிற இன்ஜெக்டர் நாலையும் மாத்தச் சொல்றாங்க. டீசல் ஃபில்டர் மாத்தியும் அதே கதை. சிங்கப்பூர்ல அடுத்த மாசம் இன்ஸ்பெக்‌ஷன் வேற.

டீசல்_மணி
ஃபில்டர் அடைச்சா வண்டி மேட்டுல இழுக்காது, காலையில இப்படிப் புகையாது. நாலும் சேர்ந்து போறது அபூர்வம் தம்பி. ஸ்கேனர் மாட்டி, இன்ஜின் நல்லா சூடானப்புறம் ஏர்கான் அணைச்சு, ஆக்ஸிலேட்டர் மிதிக்காம ஐடிலில் ‘இன்ஜெக்‌ஷன் ஃபீட்பேக்’ பாருங்க. ஒவ்வொரு சிலிண்டருக்கும் கம்ப்யூட்டர் எவ்வளவு டீசல் கூட்டுது, குறைக்குதுன்னு அது காட்டும். டொயோட்டாவில் ஒவ்வொரு சிலிண்டரும் −3.0, +3.0 இதுக்குள்ள நிக்கணும். பிளஸ் ஏறினா அந்த சிலிண்டர் சோம்பேறி, கம்ப்யூட்டர் கூடுதலா ஊத்தித் தாங்குது. அது கம்ப்ரஷன் கோளாறாவும் இருக்கலாம். மைனஸ் இறங்கினா இன்ஜெக்டர் அளவுக்கு மேல விடுது. ஆயில் அளவு பார்க்கிற டிப்ஸ்டிக்கையும் மோந்து பாருங்க, டீசல் வாடை வருதான்னு.

தோபாயோ_லாரி
1: +1.6, 2: +1.2, 3: −4.3, 4: +1.4. ஆயில் ‘ஃபுல்’ கோட்டுக்கு மேல ஒரு விரல் ஏறியிருக்கு, டீசல் வாடை.

டீசல்_மணி
மூணாவது இன்ஜெக்டர் நுனி சொட்டுது. இனி ஓட்டாதீங்க. சொட்டுற டீசல் சிலிண்டர் சுவர்ல இருக்கிற ஆயிலைக் கழுவிடும், கீழே இறங்கி ஆயிலைத் தண்ணியாக்கும், பேரிங் போகும். பிஸ்டன்ல ஓட்டையே விழலாம். இன்ஜெக்டர் வேலை முடிஞ்சதும் ஆயிலும் ஃபில்டரும் மாத்திடுங்க.

ரெயில்_பிரஷர்
இன்ஜெக்டர்ல மிஞ்சின டீசல் திரும்பிப் போற ரிட்டர்ன் குழாயில் பாட்டில் மாட்டி அளக்கிற லீக்-ஆஃப் டெஸ்டை யாராவது சொல்வாங்க. அது உள்ளே தேய்ஞ்சு ரிட்டர்ன்ல கசியறதைத்தான் காட்டும். நுனி சொட்டுறது அதுல தெரியாது. எப்படியும் கழற்றணும், நாலையும் மெஷின்ல மாட்டிச் சோதிக்கிற பெஞ்ச் டெஸ்டுக்கு அனுப்பிட்டு, ரிப்போர்ட் பார்த்து மாத்துங்க.

திரும்ப மாட்டும்போது இன்ஜெக்டர் அடியில் உட்கார்ற காப்பர் வாஷர் நாலும் புதுசா போடணும். இதுலதான் பலர் கஞ்சத்தனம் பண்றாங்க. பழசு சரியா உட்காராம சிலிண்டர் கேஸ் கசிஞ்சா, கரி ஆயில்ல கலந்து இன்ஜின் அடியில் ஆயில் நிக்கிற தொட்டியில (கார்ட்டர்) இருக்கிற வலை வடிகட்டியை அடைக்கும். ஆயில் பிரஷர் விழுந்து இன்ஜினே பிடிச்சுக்கும். புது இன்ஜெக்டர் மேல இருக்கிற 30 எழுத்துக் குறியீட்டை ஸ்கேனர்ல ஏத்தலைன்னா உதறல் போகாது. பழையவை சிலிண்டர் மாறி உட்கார்ந்தாலும் குறியீடும் அதுகூடவே மாறணும்.

ஓடற வண்டியில கசிவைக் கையால தடவிப் பார்க்காதீங்க. லோடுல இன்ஜெக்டருக்கு டீசல் போற குழாய் (ரெயில்) பிரஷர் 1,000 பாரைத் தாண்டும், பீய்ச்சுற டீசல் தோலைத் துளைச்சு உள்ளே போயிடும். கைக்குப் பதிலா அட்டைத் துண்டு பிடிங்க.

தோபாயோ_லாரி
நன்றி அண்ணே. அப்போ இன்ஸ்பெக்‌ஷன் புகை டெஸ்ட்?

டீசல்_மணி
அங்கே அளக்கிறது சூடான இன்ஜின் விடற கறுப்புப் புகையை. புகை அடர்த்தி 40 எச்.எஸ்.யூ. (ஹார்ட்ரிட்ஜ் புகை அலகு) தாண்டக்கூடாது. ஏர் ஃபில்டர், டர்போ ஹோஸ், எரிஞ்ச புகையில கொஞ்சத்தை இன்ஜினுக்கே திருப்புற ஈஜிஆர் மூணையும் பார்த்துட்டுப் போங்க.