64 ஜிபி மெஷினில் 80 ஜிபிக்கு விஎம் (மெய்நிகர் கணினி) போடலாமா?

சிக்கனம்:
16 கோர், 64 ஜிபி ரேம் உள்ள ஒரே மெஷினில், கேவிஎம்மில் (லினக்ஸில் விஎம் ஓட்டும் வசதி) தலா 8 ஜிபி வீதம் 10 விஎம் தாராளமாக ஓடும். பத்தும் ஒரே நேரத்தில் முழு ரேமையும் தொடுவதில்லை. எல்லாம் ஒரே லினக்ஸ் இமேஜ் என்றால் கேஎஸ்எம்மை இயக்குங்கள். அது ரேமில் ஒரே மாதிரியான 4 கேபி பக்கங்களை ஒன்றாக்கிவிடும். மிச்சத்தை, விஎம்மில் சும்மா இருக்கும் ரேமைத் திரும்ப வாங்கும் பலூன் பார்த்துக்கொள்ளும்.

காவல்காரன்:
இருப்பதைவிட அதிகமாகப் பங்கிடும் இந்த மிகைஒதுக்கீட்டை சிபியுவில் செய்யுங்கள், ரேமில் வேண்டாம். 16 கோரில் 40 விசிபியு (விஎம்முக்குக் காட்டும் சிபியு) கொடுத்தாலும் நெருக்கடியில் வேகம்தான் குறையும். கெஸ்டுக்குள், அதாவது விஎம்முக்குள், டாப் கட்டளையில் 'எஸ்டி' எண் (சிபியு கிடைக்காமல் காத்திருந்த நேரம்) ஏறுவதே காட்டிக்கொடுத்துவிடும். ரேம் தீர்ந்தால் கதை வேறு. ஹோஸ்டுக்கு, அதாவது விஎம்களைத் தாங்கும் மெஷினுக்கு, ஒரு விஎம் என்பது ஒரு கியூஎம்யு (விஎம்மை ஓட்டும் புரோகிராம்) புராசஸ், அவ்வளவுதான். ரேம் தீர்ந்ததும் லினக்ஸ் ஏவும் ஓஓஎம் கில்லர் பெரும்பாலும் அதிக ரேம் பிடித்த புராசஸைத்தான் கொல்லும். அது அநேகமாக உங்கள் டேட்டாபேஸ் விஎம். ஷட்டவுன் கிடையாது, மின்சாரத்தைப் பிடுங்கியது போலத்தான்.

கேஎஸ்எம் மிச்சப்படுத்துவது இரவல் ரேம். பத்து விஎம்மும் இரவு 2 மணிக்கு ஒன்றாக அப்டேட் ஆனால், இணைந்திருந்த பக்கங்களில் புதிதாக எழுதப்படும், ஒவ்வொன்றுக்கும் தனிப் பிரதி உருவாகும். இரவல் கொடுத்தவன் அந்த நேரம் பார்த்துத் திருப்பிக் கேட்கிறான்.

சிக்கனம்:
அப்டேட்டை விஎம்முக்கு விஎம் 20 நிமிடம் தள்ளி வையுங்கள். ஹோஸ்டில் 16 ஜிபி ஸ்வாப் (ரேம் போதாதபோது தரவை எழுதிவைக்கும் டிஸ்க் இடம்). டேட்டாபேஸ் விஎம்மின் ஓஓஎம் ஸ்கோரை (எதை முதலில் கொல்வது என்ற மதிப்பெண்) குறைத்துவிட்டால் அது தப்பும்.

காவல்காரன்:
அது தப்பினால் பக்கத்து விஎம் சாகும். ஸ்வாப்பும் இங்கே முட்டுக்கட்டைதான்: கெஸ்டுக்குள் எது பேஜ் கேஷ் (டிஸ்க் ஃபைல்களின் ரேம் பிரதி), எது உயிரான தரவு என்று ஹோஸ்டுக்குத் தெரியாது. ஏற்கெனவே டிஸ்க்கில் இருக்கும் தரவையே மறுபடி ஸ்வாப்பில் எழுதும். பலூனை அளவுக்கு மீறி ஊதினால் கெஸ்டுக்குள்ளேயே ஓஓஎம் வரும்.

என் கணக்கு: ஹோஸ்டுக்கு 6 ஜிபி ஒதுக்கினால் மிச்சம் 58. தலா 5.5 ஜிபி வீதம் பத்துக்கு 55. பாக்கி 3 ஜிபி கியூஎம்யுவின் சொந்தச் செலவுக்கு. இசட்எஃப்எஸ் ஃபைல்சிஸ்டம் இருந்தால் ஏஆர்சிக்கு (அது ரேமில் வைக்கும் கேஷ்) உச்சவரம்பு வைத்து, அதையும் கழியுங்கள்.

வட்டுவாசி:
ரேமுக்கு இவ்வளவு சண்டை, தின் பூலை (எழுத எழுத மட்டுமே இடம் ஒதுக்கும் டிஸ்க் தொகுப்பு) யாருமே தொடவில்லை. 1 டிபி பூலில் 2 டிபிக்கு டிஸ்க் வெட்டிக் கொடுத்துவிட்டு, பூல் நிரம்பினால் எழுதும் விஎம் எல்லாமே ஐ/ஓ பிழையில் நிற்கும். கெஸ்டுக்குள் ஃபைலை அழித்தால் மட்டும் இடம் திரும்பாது. விஎம் டிஸ்க்கில் டிஸ்கார்டை (காலி இடத்தைப் பூலுக்குத் தெரிவிக்கும் வசதி) இயக்கி, வாரம் ஒருமுறை கெஸ்டுக்குள் எஃப்எஸ்ட்ரிம் கட்டளை ஓட வேண்டும். 80 சதவீதத்தில் அலாரம் வையுங்கள். மெட்டாடேட்டாவுக்கு (எந்தத் தரவு எங்கே என்ற பூலின் குறிப்பு) தனி அலாரம். அது நிரம்பினால் மீட்பது இன்னும் கடினம்.

சிக்கனம்:
டிஸ்க் விஷயம் சரி. டேட்டாபேஸ் விஎம்முக்கு ரேமை முழுதாக ஒதுக்கி, பலூனை நிறுத்திவிடலாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சோதனை விஎம்களுக்கு மிகைஒதுக்கீட்டை விடமாட்டேன். அவை விழுந்தால் மறுபடி எழுப்பிக்கொள்ளலாம்.

காவல்காரன்:
அப்படியென்றால் அவற்றை வேறு ஹோஸ்டில் வையுங்கள். ஒரே மெஷினில் இருந்தால் ஓஓஎம் கில்லருக்கு சோதனை எது, உற்பத்தி (நிஜப் பயன்பாட்டில் உள்ளது) எது என்று தானாகத் தெரியாது.