ஜவுளிக்கடையில் சாப்பாட்டு இடைவேளை: யாரிடம் புகார் கொடுப்பது?

எல்லாருக்கும் வணக்கம். என் தங்கை எங்கள் ஊரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில், சேலைப் பிரிவில் வேலை பார்க்கிறாள். காலை ஒன்பதரைக்குப் போனால் மாலை நாலு மணி வரை சோறு கிடையாது. அதுவும் ஆள் மாற்றி ஆள் அனுப்புவதால் இருபதே நிமிடம். கூட்டம் இருந்தால் சூப்பர்வைசர் சாப்பாட்டு அறை வாசலுக்கே வந்து கூப்பிடுவாராம். பாதி டப்பாவை மூடிவிட்டு ஓட வேண்டும். தாமதமானால் சம்பளத்தில் பிடித்தம்.

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947-இன்படி நாலு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் இடையில் ஒரு மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும். 2021-இல் உட்கார இருக்கை தர வேண்டும் என்றும் திருத்தம் வந்தது. ஸ்டூல் போட்டிருக்கிறார்கள்தான், மேலே சேலைக்கட்டு அடுக்கி!

தொழிலாளர் துறையில் பெயர் வெளியே வராமல் புகார் கொடுக்க முடியுமா? அப்படிக் கொடுத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? கையெழுத்துப் போட்ட வருகைப் பதிவேடு கடையிடம்தான் இருக்கிறது. வேறு என்ன ஆதாரம் எடுபடும்? வேலையை விடும் நிலையில் அவள் இல்லை. "வேற கடை பார்" என்பதைத் தவிர்த்து, விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.