"அந்தஸ்துக்கு ஆசைப்படுகிறாள்" என்பது புகழ்ச்சியா, குறையா?

கேள்வி (தமிழாசிரியை, அஸ்தம்பட்டி, சேலம்)

பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி கட்டுரையில், "என் அக்கா பெரிய அந்தஸ்துக்கு ஆசைப்பட்டுப் படிக்கிறாள்" என்று எழுதியிருக்கிறாள். அக்காவைப் புகழத்தான் எழுதினாள் என்பது மற்ற வரிகளில் தெளிவாகத் தெரிகிறது. ஆனால் அந்த வரியை மட்டும் படித்தால் குறை சொல்வதுபோல் ஒலிக்கிறது. "உயர்ந்த நிலை" என்று திருத்த நினைக்கிறேன். ஏன் என்று அவள் கேட்டால் என்ன சொல்வது?

மறுமொழி (ஓய்வுபெற்ற மெய்ப்புத் திருத்துநர், ஏற்காடு)

வணக்கம் அம்மா. அந்தச் சொல் எந்த வினைகளோடு சேருகிறது என்று பாருங்கள். அந்தஸ்து வழங்கப்படும், கிடைக்கும், பறிபோகும், ரத்தாகும். சேலம் 1994-இல் மாநகராட்சி அந்தஸ்து பெற்றது என்கிறோம், வழங்கியது அரசு. ஜம்மு காஷ்மீரின் சிறப்பு அந்தஸ்து 2019-இல் ரத்தானது. அந்த முடிவும் மேலேயிருந்து வந்ததுதான். தகுதியை வளர்த்துக்கொள்கிறான் என்றால் படிப்பும் பயிற்சியும் நினைவுக்கு வரும். அந்தஸ்தை வளர்த்துக்கொள்கிறான் என்றால் காரும் பங்களாவும்தான் வரும். ஆக, அந்தஸ்துக்கு ஆசைப்படுகிறவர் பிறர் கண்ணில் தமக்குக் கிடைக்கும் இடத்துக்கே ஆசைப்படுகிறார் என்று வாசகர் எடுத்துக்கொள்கிறார். சம்பந்தம் பேசுமிடத்தில் "அவர்கள் அந்தஸ்து பார்க்கிறவர்கள்" என்று ஒருவர் சொல்லிவிட்டால், அதற்குமேல் விளக்கம் தேவைப்படுவதில்லை. உயர விரும்புவதைத் தமிழ் ஒருபோதும் குறையாக எண்ணியதில்லை. "உள்ளுவ தெல்லாம் உயர்வுள்ளல்" என்பது ஊக்கமுடைமை அதிகாரத்தில் வரும் 596-ஆம் குறள். அங்கே நிற்கும் சொல் உயர்வு. உங்கள் திருத்தம் சரியே.

மறுமொழி (குகை, சேலம்)

ஐயா சொல்வதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். எங்கள் வீட்டில் பேசும் தெலுங்கில் மாடிவீட்டின் அடுக்குக்கும் அந்தஸ்து என்றுதான் பெயர். எனவே மேல், கீழ் என்ற எண்ணம் அந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டே வருவது எனக்கு வியப்பாக இல்லை. ஆனால் கீழடுக்கில் இருப்பவர் அதைச் சொல்லும்போது தொனி மாறிவிடுகிறது. நூல் கொடுக்கும் முதலாளி வீட்டுத் திண்ணையோரம், தறியில் நெய்வதற்கான பாவு நூலுக்கும் ஊடை நூலுக்கும் காத்து நின்றே பழகியவர் என் அம்மா. என் அண்ணனுக்கு அரசு வேலை கிடைத்த பிறகு அதே வீட்டில் அம்மாவுக்கு நாற்காலி எடுத்துப் போட்டார்கள். "இப்பத்தான் நமக்குன்னு ஒரு அந்தஸ்து வந்திருக்கு" என்று அன்றைக்குச் சொன்னார். அதில் பகட்டு துளியும் இல்லை. "உயர்ந்த நிலை" என்று மாற்றினால் அந்த நாற்காலி காணாமல் போய்விடும். மாணவி எதை நினைத்து எழுதினாள் என்று கேட்டுவிட்டுத் திருத்துங்கள் அம்மா.

கேட்டவரின் மறுமொழி

இருவருக்கும் நன்றி. இன்று அவளிடம் கேட்டேன். தன் அப்பாவை வேலையிடத்தில் சின்னப் பையன்கள்கூட "வா, போ" என்று பேசுவது அக்காவுக்குப் பொறுக்கவில்லை என்றாள். சொல்லை விட்டுவிட்டு வினையை மட்டும் மாற்றச் சொன்னேன். "எங்கள் குடும்பத்துக்கு ஓர் அந்தஸ்து வர வேண்டும் என்று அக்கா படிக்கிறாள்" என்று அவளே திருத்தி எழுதிக் கொடுத்தாள். முழு மதிப்பெண் போட்டிருக்கிறேன்.