ஷெல்: ஓடா, உறையா, ஏவியா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

‘இயல்பிருப்பு (டிஃபால்ட்) ஷெல்லை மாற்றுவது எப்படி’ என்ற லினக்ஸ் உதவிப் பக்கத்தின் தமிழாக்கத்தில், நாம் தட்டச்சு செய்யும் கட்டளையை வாங்கி நிறைவேற்றும் நிரலான ஷெல்லுக்கு ‘ஓடு’ என்று போடலாம் என ஓரளவு முடிவாகியிருக்கிறது. இந்த நேரத்தில் குறுக்கிடுவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். வரைவு முழுவதிலும் அந்தச் சொல்லைப் போட்டுப் படித்துப் பார்த்தேன், எழுதாமல் இருக்க முடியவில்லை.

எழுவாயாக நிற்கும்வரை ‘ஓடு’ நன்றாகத்தான் இருக்கிறது. உள்ளே பருப்பு, மேலே ஓடு. இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலையும் அதைச் சுற்றியுள்ள ஷெல்லையும் விளக்க நல்ல உவமை. வேற்றுமை உருபு சேர்ந்ததும்தான் சிக்கல். பக்கத்தின் தலைப்பே ‘ஓட்டை மாற்றுதல்’ என்றாகிவிட்டது. லினக்ஸுக்குப் புதியவரான நண்பர் ஒருவரிடம் வரைவைக் காட்டினேன். “எந்த ஓட்டை? பாதுகாப்புக் குறையையா சொல்கிறீர்கள்?” என்று கேட்டார். கேட்டது நியாயம்தான். 2014 செப்டம்பரில் பாஷ் என்னும் ஷெல்லில் ஷெல்ஷாக் என்ற பெரிய பாதுகாப்பு ஓட்டை வெளிவந்ததே, அதைப் பற்றி எழுதினால் ‘ஓட்டில் உள்ள ஓட்டையை அடைக்க ஓட்டைப் புதுப்பிக்கவும்’ என்று வரும். ‘இப்போது எந்த ஓடு ஓடுகிறது?’ என்று ஒரு வரியும் வரைவில் ஏற்கெனவே இருக்கிறது. ‘கட்டளையோடு’ என்று சேர்த்துச் சொல்லலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். அதை யாரும் ‘கட்டளையுடன்’ என்றுதான் படிப்பார்கள்.

‘உறை’க்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் வேறொரு நிரலைச் சுற்றிப் பொதிந்து எழுதும் ராப்பருக்கு அந்தச் சொல் தேவைப்படும். அதை அங்கேயே விட்டுவிடலாம்.

உருபைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. நத்தை தன் ஓட்டைக் கழற்றி வேறொன்றை மாட்டிக்கொள்வதில்லை. ஓடு என்றதும் அது இயங்குதளத்தின் உடம்போடு ஒட்டியது, தொடக்கூடாதது என்ற எண்ணம் வருகிறது. ஷெல்லோ எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளக்கூடிய சாதாரண நிரல். 1960களில் மல்டிக்ஸ் என்ற இயங்குதளத்துக்காக லூயி பூசான் இதற்கு ஷெல் என்று பெயர் வைத்த காலத்திலேயே, கட்டளையை வாங்கி நிறைவேற்றும் வேலையைக் கெர்னலுக்கு வெளியே தனி நிரலாக வைக்கும் எண்ணம் இருந்தது. யூனிக்ஸில் 1971இல் தாம்சன் ஷெல் வந்தது, 1979இல் அதன் இடத்துக்கு போர்ன் ஷெல் வந்தது. அப்புறம் 1989இல் பாஷ், 1990இல் இசட்-ஷெல், 2005இல் ஃபிஷ். மேக்கில் 2019இல் காட்டலினா பதிப்பு பாஷை விட்டு இசட்-ஷெல்லுக்கு மாறியது. மாறிக்கொண்டே வந்த ஒன்றுக்கு மாறாத பொருளின் பெயர் பொருந்தவில்லை.

நான் முன்வைக்கும் சொல் ‘ஏவி’. உலாவுவது உலாவி, ஏவுவது ஏவி. ‘உலாவியை மாற்று’ என்றால் யாருக்கும் பயம் வருவதில்லை, ‘ஏவியை மாற்று’ என்பதும் அப்படியே நிற்கும். ஏவியில், ஏவிக்கு, ஏவிகள், ஏவிநிரல் (ஷெல் ஸ்கிரிப்ட்) என எல்லா வடிவமும் இடறாமல் வருகின்றன. தமிழில் ‘ஏவு’ என்றால் கட்டளையிடு என்றும் பொருள், செலுத்து என்றும் பொருள். நாம் ஏவுகிறோம், அது நிரல்களை ஏவுகிறது. பள்ளி இலக்கணத்தில் ‘வா’, ‘போ’, ‘செய்’ என்பவற்றை ஏவல் வினை என்று படித்தோம். முனையத்தில் (டெர்மினல்) தட்டச்சு செய்வதும் அதே மாதிரி ஏவல்கள்தான்.

செயலிகளைத் தொடங்கிவைக்கும் லாஞ்சருக்கும் ‘ஏவி’ என்றுதானே வரும் என்று கேட்பீர்கள். அதற்குத் ‘தொடக்கி’ போதும். குழப்பம் வரும் என்று தோன்றினால் பக்கத்தில் முதல் இடத்தில் மட்டும் ‘கட்டளை ஏவி’ என்று முழுசாக எழுதலாம்.

இனி ‘இயல்பிருப்பு’ பற்றி. இதையும் சரிசெய்யாவிட்டால் ஏவி என்று மாற்றியும் பயனில்லை. ஷெல்லை மாற்றப் பயன்படும் சிஎச்எஸ்எச் (chsh) கட்டளை மாற்றுவது ஒரு பயனரின் புகுபதிகை ஷெல்லை, அதாவது அவர் உள்நுழையும்போது கிடைக்கும் ஷெல்லை மட்டும். பயனர் விவரங்கள் இருக்கும் பாஸ்வேர்டு கோப்பில் அந்தப் பயனருக்கு உள்ள வரியின் ஏழாவது புலம், அதாவது கடைசிப் புலம், அதுதான். புதிய பயனர்களுக்குக் கணினி கொடுக்கும் ஷெல் வேறு. ஏவிநிரல்கள் நம்பியிருக்கும் எஸ்எச் (sh) என்ற ஷெல் வேறு. உபுண்டு 2006இல் 6.10 பதிப்பில் எஸ்எச்சை டாஷ் என்ற இன்னொரு ஷெல்லுக்கு மாற்றியபோது பயனர்களின் புகுபதிகை ஷெல் பாஷாகவே இருந்தது. போதாததற்கு, சிஎச்எஸ்எச் ‘புதிய மதிப்பை இடுக, அல்லது டிஃபால்ட்டுக்கு எண்டரை அழுத்துக’ என்று கேட்கும் இடத்தில் டிஃபால்ட் என்பது இப்போது இருக்கும் மதிப்பு. அங்கே இயல்பிருப்பு என்று மொழிபெயர்த்தால் பழைய பாஷுக்கே திரும்பிவிடும் என்று பயனர் நினைப்பார்.

ஆகவே தலைப்பு ‘புகுபதிகை ஏவியை மாற்றுதல்’ என்றும், அந்தக் கேள்வி ‘புதிய ஏவியின் பாதையை இடுக, இப்போதுள்ளதே போதுமெனில் எண்டரை அழுத்துக’ என்றும் இருக்கட்டும். கீழே ஒரு வரி சேர்க்க வேண்டும்: ‘வெளியேறி மீண்டும் உள்நுழைந்த பிறகே மாற்றம் தெரியும்.’ முதல்முறை மாற்றியபோது இது தெரியாமல் ஒரே கட்டளையை மூன்று தடவை கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் தீரவில்லை. அடைப்புக்குறிக்குள் கட்டளை எழுதினால் பிறக்கும் சப்ஷெல்லுக்குத் ‘துணையேவி’யா, ‘கிளையேவி’யா? பெற்ற ஷெல்லிலிருந்து பிரிந்து தனியே ஓடி முடிவதால் என் மனம் கிளையேவியின் பக்கம் சாய்கிறது. உங்களுக்கு எது சரியாகப் படுகிறது என்று எழுதுங்கள், அதைப் பார்த்துவிட்டு வரைவைத் திருத்தி அனுப்புகிறேன்.